பேருந்தே இல்லாத ஃபிளிக்ஸ்பஸ் எப்படி இவ்வளவு மலிவாக ஓட்டுகிறது?

கேள்வி இது: ஃபிளிக்ஸ்பஸ்ஸுக்குச் சொந்தமாகப் பேருந்துகளே கிடையாது என்கிறார்கள். அப்படியிருக்க, ஜெர்மனியில் தொடங்கிய அந்த நிறுவனம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்கப் பரவி, அமெரிக்காவின் கிரேஹவுண்டையே வாங்கி, இந்தியா வரை வந்தது எப்படி? டிக்கெட் எப்படி அவ்வளவு மலிவு? அந்த மலிவு நிலைக்குமா?

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பேருந்து 500 கிலோமீட்டர் ஓட ஆகும் செலவு யார் ஓட்டினாலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். டீசல் விலை எல்லாருக்கும் ஒன்று, டிரைவர் சம்பளம் ஒன்று, வண்டிக்கடனின் தவணையும் ஒன்று. ஃபிளிக்ஸ்பஸ் இந்தச் செலவைக் குறைத்துவிடவில்லை. அது எத்தனை பேர் மேல், எந்த விகிதத்தில் விழ வேண்டும் என்பதை மாற்றியது. அதன் வளர்ச்சியை அந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் மற்றதெல்லாம் புரியும்.

சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும். ஜெர்மனியில் 2012 வரை ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குத் தொலைதூரப் பேருந்து விடுவது லேசுப்பட்ட காரியமாக இருக்கவில்லை. ரயிலுக்குப் போட்டி வரக் கூடாது என்று 1930-களில் போட்ட ஏற்பாடு, போர் முடிந்து ஆட்சிகள் மாறிய பிறகும் தொடர்ந்தது. ரயில் ஓடும் தடத்தில் அனுமதி கேட்பவர், தன் பேருந்தால் பயணிகளுக்குக் குறிப்பிடத்தக்க மேம்பாடு வரும் என்று காட்ட வேண்டும். பெரும்பாலும் காட்ட முடியாது. பெர்லினுக்கு மட்டும் விலக்கு இருந்தது. நாடு இரண்டாகப் பிரிந்திருந்த காலத்தில் மேற்கு பெர்லினை மேற்கு ஜெர்மனியோடு இணைத்த பேருந்துத் தடங்கள், சுவர் விழுந்த பிறகும் நீடித்தன. மற்ற ஊர்க்காரர்களுக்கு ரயில், இல்லையென்றால் கார்.

இதை முதலில் அசைத்துப் பார்த்தவர்கள் மூன்று மாணவர்கள். 2009-இல் அவர்கள் தொடங்கிய டைன்பஸ் என்ற சேவை சட்டத்தில் இருந்த ஓர் ஓட்டையைப் பயன்படுத்திக்கொண்டது. ஒரே ஊருக்குப் போக விரும்புகிறவர்கள் இணையத்தில் பெயர் கொடுப்பார்கள். போதுமான ஆள் சேர்ந்தால் ஒரு பேருந்தை வாடகைக்கு எடுத்துக் கிளம்பிவிடலாம். இது கூட்டாகக் கார் பிடித்துப் போவதைப் போன்றது, வழித்தடப் பேருந்து ஆகாது என்பது அவர்கள் வாதம். ஜெர்மன் ரயில்வேயான டாய்ச்ச பான் வழக்குப் போட்டது. 2011-இல் பிராங்க்ஃபர்ட் நீதிமன்றம் மாணவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சட்டத்தை மாற்றுவது பற்றி ஏற்கெனவே பேச்சு இருந்தது, இந்த வழக்கு அதை ஊரறியச் செய்துவிட்டது. கடைசியில் 2013 ஜனவரி 1 முதல் தொலைதூரப் பேருந்துகளுக்குச் சந்தை திறந்துவிடப்பட்டது. ஒரே ஒரு கட்டுப்பாடு முக்கியம்: நிறுத்தங்களுக்கிடையே 50 கிலோமீட்டருக்குக் குறைவாகவோ, உள்ளூர் ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவோ இருந்தால் அந்தத் துண்டுப் பயணத்துக்குப் பொதுவாக டிக்கெட் விற்கக் கூடாது. அரசு மானியத்தில் ஓடும் உள்ளூர் ரயில்களைப் பாதுகாக்கவே அந்த விதி.

கதவு திறக்கும் என்று தெரிந்தே வாசலில் காத்திருந்தவர்கள் பலர். 2011-இல் மியூனிக்கில் ஆண்ட்ரே ஷ்வெம்லைன், யோஹன் எங்கர்ட், டேனியல் கிராவுஸ் மூவரும் தொடங்கிய நிறுவனம்தான் ஃபிளிக்ஸ்பஸ். முதல் இருவர் மேலாண்மை ஆலோசகர்களாக இருந்தவர்கள், மூன்றாமவர் மென்பொருள் துறைக்காரர். பேருந்துத் தொழிலில் இருந்து வந்தவர் ஒருவரும் இல்லை. 2013 பிப்ரவரியில் பவேரியாவில் முதல் தடங்களை ஓட்டினார்கள். அதே நேரத்தில் பெர்லினிலிருந்து மைன்ஃபெர்ன்பஸ், அஞ்சல் நிறுவனமும் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசியும் சேர்ந்து நடத்திய போஸ்ட்பஸ், பிரிட்டனின் நேஷனல் எக்ஸ்பிரஸ் அனுப்பிய சிட்டிடுசிட்டி என்று ஒரே தடத்தில் நாலைந்து கம்பெனிகள் இறங்கின. 2012-இல் ஏறத்தாழ 30 லட்சமாக இருந்த ஜெர்மன் தொலைதூரப் பேருந்துப் பயணிகள் எண்ணிக்கை மூன்றே ஆண்டுகளில் 2 கோடியைத் தாண்டியது. பேருந்தைத் தேடி இத்தனை பேர் அதுவரை காத்திருந்தார்கள் என்பதை அந்தப் பழைய சட்டம் மறைத்தே வைத்திருந்தது.

இனி விலைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

பெர்லினிலிருந்து மியூனிக் சாலை வழியே ஏறத்தாழ 585 கிலோமீட்டர். ஒரு கணக்குக்காக, டிரைவர், டீசல், வண்டித் தேய்மானம், வரி, டிக்கெட் விற்பவரின் பங்கு எல்லாம் சேர்த்துக் கிலோமீட்டருக்கு ஒன்றரை யூரோ ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைக்கு ஏறத்தாழ 880 யூரோ. வண்டியில் 50 சீட். எல்லாம் நிறைந்தால் தலைக்கு 18 யூரோகூட ஆகாது. பாதி நிறைந்தால் 35 யூரோ. வண்டி ஒன்றுதான், செலவும் ஒன்றுதான், சீட் நிறைந்ததா இல்லையா என்பதில் மட்டும் டிக்கெட் விலை இரட்டிப்பாகிறது.

சரி, சீட்டை எப்படி நிறைப்பது? அந்தத் தடத்தில் போக விரும்புகிறவர்களைப் பணப்பையின் கனத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். 10 பேர் 10 யூரோவுக்கு மேல் தர மாட்டார்கள். 15 பேர் 16 யூரோ வரை தருவார்கள். 12 பேர் 24 வரை. நாளைக்கே போயாக வேண்டும் என்கிற 8 பேர் 34 யூரோவும் தருவார்கள். எல்லாருக்கும் 10 யூரோ என்று ஒரே விலை போட்டால் 45 பேரும் ஏறுவார்கள், கலெக்ஷன் 450. 16 என்று போட்டால் 35 பேர், 560. 24 என்றால் 20 பேர், 480. 34 என்றால் 8 பேர், 272. எந்த ஒற்றை விலையிலும் 880 வரவே வராது. அந்தத் தடத்தில் பேருந்து ஓடாது. ஒவ்வொருவரிடமும் அவரவர் தரக்கூடியதை வாங்கினால் 100, 240, 288, 272 என்று சேர்ந்து 900. வண்டி கிளம்பிவிடும்.

ஒவ்வொருவர் மனதிலும் என்ன தொகை இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியாது. அதனால் நேரத்தை வைத்து ஊகிக்கிறார்கள். முன்கூட்டியே திட்டமிடக்கூடிய மாணவருக்குச் சில வாரங்களுக்கு முன்பே மலிவு சீட், கடைசி நாளில் வருபவருக்கு விலை அதிகம். வெள்ளி மாலைக்கும் செவ்வாய்க் காலைக்கும் வேறு வேறு விலை. விமான நிறுவனங்கள் 1980-களிலிருந்து செய்துவருவது இதுதான். பேருந்தில் இதைப் பெரிய அளவில் காட்டியது ஃபிளிக்ஸ்பஸ் முதலில் இல்லை. ஸ்காட்லாந்தின் ஸ்டேஜ்கோச் நிறுவனம் 2003-இல் தொடங்கிய மெகாபஸ். ஒரு பவுண்டு டிக்கெட் என்று விளம்பரம் செய்து, இணையத்தில் மட்டும் விற்று, சீட் நிறைய நிறைய விலையை ஏற்றியது. அந்த ஒரு பவுண்டு சீட் ஒரு வண்டியில் சிலதுதான் இருக்கும். விளம்பரத்துக்கு வேறு செலவு தேவைப்படாத அளவுக்கு அந்தச் சில சீட்டுகள் பேசப்பட்டன. ஃபிளிக்ஸ்பஸ்ஸின் 5 யூரோ டிக்கெட்டும் அதே வேலையைத்தான் செய்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெர்லின்–மியூனிக் பேருந்து லைப்சிக்கிலும் நியூரம்பர்க்கிலும் நின்று போனால், பெர்லினில் ஏறியவர் லைப்சிக்கில் இறங்கிய சீட்டை அங்கிருந்து மியூனிக் போகிறவருக்கு மறுபடி விற்கலாம். எந்த ஊரில் நிற்பது, எத்தனை மணிக்கு நிற்பது, எந்தத் துண்டுக்கு எத்தனை சீட் ஒதுக்குவது என்பதையெல்லாம் கணினி தீர்மானிக்கும். பயணி பார்ப்பது பச்சை நிறப் பேருந்தை. ஆனால் நிறுவனத்தின் உண்மையான சொத்து இந்தக் கணக்கும், எந்த நாளில் யார் எங்கே தேடினார்கள் என்ற தகவலும்தான். ஒரு தடத்தில் பேருந்தே விடாமல், எத்தனை பேர் அதைத் தேடிப் பார்த்து ஏமாந்தார்கள் என்று தெரிந்துகொண்டு அப்புறம் தடம் போட முடிகிற ஒருவரோடு, பத்து வண்டி வைத்திருக்கும் பழைய பஸ் முதலாளி போட்டி போட முடியாது.

அந்தப் பழைய பஸ் முதலாளி எங்கே போனார்? அவர்தான் அந்தப் பச்சைப் பேருந்தை ஓட்டுகிறார். ஃபிளிக்ஸ்பஸ் தடத்தைத் திட்டமிடும், அனுமதி வாங்கும், விலை வைக்கும், டிக்கெட் விற்கும், விளம்பரம் செய்யும், பயணிகளின் புகாரைக் கேட்கும். வண்டி வாங்குவது, பச்சைச் சாயம் அடிப்பது, டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பது, டீசல் போடுவது, பழுது பார்ப்பது எல்லாம் கூட்டாளி நிறுவனத்தின் பொறுப்பு. இவர்களில் பெரும்பாலோர் அப்பா, பிள்ளை என்று தலைமுறையாகப் பள்ளிப் பேருந்தும் சுற்றுலாப் பேருந்தும் ஓட்டிவந்த சிறு, நடுத்தரக் குடும்ப நிறுவனங்கள். டிக்கெட் வருமானத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு அவர்களுக்கு, மீதி ஃபிளிக்ஸுக்கு என்பது பரவலாகச் சொல்லப்படும் விகிதம். வேகமாக வளர இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. ஒரு தொலைதூரப் பேருந்தின் விலை சில லட்சம் யூரோ. ஆயிரம் பேருந்து வாங்க வேண்டியிருந்தால் எந்தப் புது நிறுவனமும் மூச்சுத் திணறியிருக்கும். ஃபிளிக்ஸ் முதலீட்டாளர்களிடம் வாங்கிய பணம் மென்பொருளுக்கும் விளம்பரத்துக்கும் போட்டியாளர்களை வாங்கவும் போனது, இரும்புக்குப் போகவில்லை.

கூட்டாளிக்கு இதில் லாபமே இல்லை என்று சொல்ல மாட்டேன். தானாக ஒருபோதும் பிடிக்க முடியாத பயணிகளை அவருக்கு ஒரு செயலி பிடித்துத் தருகிறது. வருஷம் முழுக்க வண்டி ஓடுகிறது. ஆனால் நிலைமையைக் கவனியுங்கள்: விலை வைப்பவர் வேறு ஒருவர், கடன் கட்டுபவர் இவர். இன்று 9 யூரோவுக்கு விற்கலாம் என்று கணினி முடிவெடுத்தால் அந்த முடிவின் முக்கால் பங்கு இவர் கணக்கில் விழுகிறது. கார்களுக்கான செயலி நிறுவனங்களில் தனி டிரைவருக்கு நேர்ந்தது இங்கே ஒரு குடும்ப நிறுவனத்துக்கு நேர்கிறது. ஒரு காரின் கடனுக்குப் பதில் பல பேருந்துகளின் கடன். 2020 மார்ச்சில் கொரோனா வந்து ஃபிளிக்ஸ்பஸ் சேவையை நிறுத்தியபோது இது வெட்டவெளிச்சமானது. மியூனிக் அலுவலகத்துக்குப் பேருந்துத் தவணை கிடையாது. ஊர் ஊராகப் பச்சைப் பேருந்துகள் பணிமனையில் நின்றன, தவணை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

டிரைவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு டிரைவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தாக வேண்டும். ஒரு நாளில் 9 மணி நேரம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் ஓட்டலாம். இரண்டு வாரத்துக்குச் சேர்த்து 90 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வண்டியில் உள்ள கருவி இதைப் பதிவு செய்யும். மலிவு டிக்கெட் கொடுக்கும் பேருந்து நள்ளிரவில் ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் முக்கால் மணி நேரம் நிற்பதைப் பார்த்துப் பயணிகள் எரிச்சல்படுவார்கள். அந்த நிறுத்தம்தான் அவர்கள் உயிருக்கான காப்பு. பேருந்து நல்லபடியாகப் போய்ச் சேர்வதற்கு இந்த விதியும் அதைச் சோதிக்கும் அதிகாரியும் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவில் பாடம் இருக்கிறது. 1990-களின் பிற்பகுதியில் நியூயார்க் சைனாடவுனிலிருந்து பாஸ்டனுக்கும் வாஷிங்டனுக்கும் 10, 15 டாலருக்கு ஓடத் தொடங்கிய பேருந்துகள் ஏழை எளியவர்களுக்கும் மாணவர்களுக்கும் பெரிய வரமாக இருந்தன. 2011 மார்ச்சில் சூதாட்ட விடுதியிலிருந்து சைனாடவுனுக்குத் திரும்பிய ஒரு பேருந்து பிராங்க்ஸில் கவிழ்ந்து 15 பேர் இறந்தார்கள். அதன் பிறகு நடந்த சோதனைகளில் 2012-இல் ஒரே நடவடிக்கையில் 26 பேருந்து நிறுவனங்கள் மூடப்பட்டன. ஜெர்மனியிலும் 2024 மார்ச்சில் லைப்சிக் அருகே ஒரு ஃபிளிக்ஸ்பஸ் கவிழ்ந்து நால்வர் இறந்தார்கள். நெடுந்தூரப் பேருந்து காரைவிடப் பாதுகாப்பானதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்பு விலைப்போட்டியில் தானாக வந்துவிடாது, வெளியிலிருந்து யாராவது கட்டாயப்படுத்த வேண்டும்.

மறுபடி ஜெர்மனிக்கு. நாலைந்து கம்பெனிகள் நஷ்டத்தில் ஓட்டிய அந்தச் சண்டை நீடிக்க வழியில்லை. நேஷனல் எக்ஸ்பிரஸ் 2014-இல் கடையைக் கட்டியது. அதே ஆண்டு, சந்தையைத் திறக்க வழக்காடிய டைன்பஸ்ஸே திவாலுக்கு மனுக் கொடுத்தது. ஏடிஏசி விலகிக்கொண்டது. 2015 ஜனவரியில் முதலிரண்டு இடங்களில் இருந்த மைன்ஃபெர்ன்பஸ்ஸும் ஃபிளிக்ஸ்பஸ்ஸும் ஒன்றாயின. 2016-இல் மெகாபஸ்ஸின் ஐரோப்பியத் தடங்களை ஃபிளிக்ஸ் எடுத்துக்கொண்டது, இரண்டு மாதத்தில் போஸ்ட்பஸ்ஸையும் வாங்கியது. டாய்ச்ச பானும் தன் பேருந்துப் பிரிவை மூடத் தொடங்கியது. சந்தை திறந்து நாலே ஆண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஒரே நிறுவனத்தின் கையில். விலைகள் அதன் பிறகு மெல்ல ஏறின.

அப்படியும் ஜெர்மனியில் பேருந்துக் கட்டணம் தாறுமாறாக எகிறவில்லை. காரணம் இன்னொரு பேருந்து நிறுவனம் இல்லை, ரயில். பயணிகளை இழந்த டாய்ச்ச பான் 19 யூரோ சலுகை டிக்கெட்டை இறக்கியது. 2017 டிசம்பரில் புதிய அதிவேகத் தடம் திறந்ததும் பெர்லின்–மியூனிக் ரயில் பயணம் நாலு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. பேருந்துக்கு அதைப்போல இரண்டு மடங்கு நேரம். 2020 தொடக்கத்தில் தொலைதூர ரயில் டிக்கெட்டுக்கான வரியை அரசு 19 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைத்தது, பேருந்துக்கு 19-ஆகவே விட்டுவிட்டது. 2023 மே மாதம் நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் மாதம் 49 யூரோவுக்குப் போய்வரலாம் என்ற டிக்கெட் வந்தது. இந்த வரி வித்தியாசத்தை ஃபிளிக்ஸ் அநியாயம் என்றது, இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பேருந்தில் போகிறவர்களில் மாணவர்களும் முதியவர்களும் வேலை தேடி நாடு விட்டு நாடு போகிறவர்களும் அதிகம். நிறைந்த பேருந்து ஒரு பயணிக்கு வெளியிடும் கரியமிலவாயுவும் காரைவிட மிகக் குறைவு. வரிச்சலுகை தர வேண்டிய இடம் அதுவும்தான்.

பேருந்து நிறுவனங்கள் மேல் எனக்கு இருக்கும் பெரிய குறை வேறு. அது பஸ் ஸ்டாண்ட்.

மலிவு டிக்கெட்டின் கணக்கில் நிலையம் என்ற செலவு வருவதே இல்லை. மெகாபஸ்ஸும் சைனாடவுன் பேருந்துகளும் சாலை ஓரத்திலேயே ஆள் ஏற்றின. ஜெர்மனியில் மியூனிக்கிலும் பெர்லினிலும் ஹம்பர்க்கிலும் முறையான மத்திய பேருந்து நிலையங்கள் உண்டு. பல ஊர்களில் ரயில் நிலையத்தின் பின்புறத்தில் ஒரு கம்பமும் ஓர் அட்டவணையும்தான். கொலோன் நகரம் நெரிசலைக் காரணம் காட்டி 2015 இலையுதிர்காலத்தில் தொலைதூரப் பேருந்துகளை நகர மையத்திலிருந்து விமான நிலையத்துக்குத் தள்ளிவிட்டது. மலிவு டிக்கெட் எடுத்தவர் அங்கே போய்ச்சேர இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும்.

அமெரிக்காவில் இதன் முழு உருவம் தெரிந்தது. ஃபிளிக்ஸ் 2018-இல் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து தொடங்கியது. 2021 அக்டோபரில், 1914-இல் பிறந்த கிரேஹவுண்டை பிரிட்டனின் ஃபர்ஸ்ட்குரூப்பிடமிருந்து வாங்கியது. உடனடியாகக் கொடுத்தது 4.6 கோடி டாலர், பிறகு தவணையில் 3.2 கோடி. அமெரிக்கா முழுக்கப் பரந்த ஒரு வலையமைப்புக்கு இந்தத் தொகை ஏன் இவ்வளவு குறைவு? நகர மையங்களில் இருந்த கிரேஹவுண்டின் நிலையக் கட்டடங்கள் பெரும்பாலும் அந்த விற்பனையில் சேரவில்லை. அவற்றை ஃபர்ஸ்ட்குரூப் தன்னிடமே வைத்துக்கொண்டு, 2022 டிசம்பரில் 33 இடங்களை 14 கோடி டாலருக்கு ஒரு நில முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றது. ஓடும் பேருந்துச் சேவையைவிட அது நிற்கும் மனைகளுக்கு அதிக விலை.

நிலையம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பது ஃபிலடெல்ஃபியாவில் தெரிந்தது. அங்கே நிலையம் போனது விற்பனையால் இல்லை, குத்தகை முடிந்ததால். ஆனால் கதை ஒன்றுதான். ஃபில்பர்ட் தெருவில் பல்லாண்டு இருந்த நிலையத்தை விட்டு 2023 ஜூனில் கிரேஹவுண்ட் வெளியேறியது. பயணிகள் மார்க்கெட் தெருவின் நடைபாதையில் பெட்டியோடு நின்றார்கள். உட்கார இடமில்லை, கழிப்பறை இல்லை, மழைக்கு ஒதுங்கக் கூரை இல்லை. பேருந்துகள் வரிசையாக நின்று சாலை அடைபட, சில மாதங்களில் ஸ்பிரிங் கார்டன் தெருவுக்கு மாற்றினார்கள். அங்கேயும் சாலையோரத்தில்தான் நின்றார்கள். கிரேஹவுண்ட் பயணிகளில் கார் இல்லாதவர்கள், வயதானவர்கள், நடுவில் வண்டி மாற வேண்டியவர்கள் நிறைய. அதிகாலை மூன்று மணிக்கு இணைப்புப் பேருந்துக்காகக் காத்திருக்கும் ஒருவருக்கு நிலையம் வசதிப் பொருள் கிடையாது, அடிப்படைத் தேவை. இதைத் தனியார் நிறுவனம் தானாகக் கட்டித்தரும் என்று எதிர்பார்ப்பது வீண். நகர நிர்வாகம் கட்டி, ஒவ்வொரு பேருந்திடமும் நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொள்ள வேண்டும். டிக்கெட் ஒரு யூரோ, ஒரு டாலர் கூடினாலும் பரவாயில்லை.

நாடு நாடாகப் பரவியதை விரிவாகச் சொல்லத் தேவையில்லை, ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரே வழிமுறை. சட்டம் திறந்த இடத்தில் நுழைவது, திறக்காத இடத்தில் ஏற்கெனவே இருப்பவரை வாங்குவது. பிரான்ஸில் 2015 ஆகஸ்டில் மக்ரோன் பொருளாதார அமைச்சராக இருந்தபோது அவர் பெயரால் அறியப்படும் சட்டம் தொலைதூரப் பேருந்தை அனுமதித்தது, ஃபிளிக்ஸ் உடனே போனது. துருக்கியில் 2019-இல் பழம்பெரும் காமில் கோச் நிறுவனத்தை வாங்கியது. 2023-இல் மொத்தம் 8 கோடிக்கும் மேற்பட்ட பயணிகள், ஏறத்தாழ 200 கோடி யூரோ வருவாய்.

கடைசியாக இந்தியா. 2024 பிப்ரவரியில் டெல்லியை மையமாக வைத்துத் தொடங்கி, அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூரிலிருந்து சென்னை, ஹைதராபாத் பக்கம் வந்தார்கள், 99 ரூபாய் அறிமுகக் கட்டணத்தோடு. ஜெர்மனிக் கதை இங்கே அப்படியே திரும்பும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜெர்மனியில் பேருந்து ரயிலைவிட மலிவு. இங்கே ரயிலின் ஸ்லீப்பர் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட எந்தப் பேருந்தும் வர முடியாது. நம் ஊரில் ஆம்னி பஸ் விற்பது மலிவை இல்லை, ரயிலில் கிடைக்காத சீட்டை. அதோடு, பல முதலாளிகளின் வண்டியை ஒரே திரையில் காட்டி விற்பதும் நமக்குப் புதிதில்லை. ரெட்பஸ் 2006-இலேயே வந்துவிட்டது. அதில் விலையை முடிவு செய்வது பஸ் முதலாளி, ஃபிளிக்ஸில் முடிவு செய்வது ஃபிளிக்ஸ் என்பதுதான் வித்தியாசம். அந்த மாதிரியிலும் இன்டர்சிட்டி ஸ்மார்ட்பஸ், ஜிங்பஸ் போன்றவை முன்பே ஓடுகின்றன. பெர்லின்–மியூனிக் தடத்தில் வண்டியை நிறைத்துத் தந்த அந்த ஏறியிறங்கும் விலை, தீபாவளிக்கு முந்தைய நாள் சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவரிடம் பல மடங்காக வந்து நிற்கும்போது ஊரே கொதிக்கிறது, அமைச்சர் எச்சரிக்கிறார், போக்குவரத்து அதிகாரிகள் சோதனைக்கு இறங்குகிறார்கள்.

பெர்மிட் இன்னொரு சிக்கல். ஊருக்கு ஊர் நிறுத்தி, தனித்தனியாக டிக்கெட் கொடுத்து ஆள் ஏற்றுவது மோட்டார் வாகனச் சட்டப்படி வழித்தடப் பேருந்தின் உரிமை. அது பல மாநிலங்களில் பெரும்பாலும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களிடம் இருக்கிறது. தனியார் தொலைதூரப் பேருந்துகள் ஒப்பந்த ஊர்தி, சுற்றுலா ஊர்தி பெர்மிட்டில் ஓடுகின்றன. ஜெர்மனி 2013-இல் செய்ததுபோல அந்த எல்லைக்கோட்டை இந்தியா இன்னும் அழிக்கவில்லை. 2024 ஜூனில் வெளிமாநிலப் பதிவெண்ணோடு ஓடிய ஆம்னி பஸ்களைத் தமிழ்நாடு அரசு நிறுத்தியபோது தெருவில் நின்றது பஸ் முதலாளிகளின் வண்டிகளும் பயணிகளும்தான்.

ஆகவே இங்கே ஃபிளிக்ஸோடோ அதுபோன்ற வேறு நிறுவனத்தோடோ கூட்டுச் சேர நினைக்கும் பஸ் உரிமையாளர் யாராவது இதைப் படித்தால், கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சீட் காலியாக ஓடினாலும் கிலோமீட்டருக்குக் குறைந்தது எவ்வளவு உங்கள் கைக்கு வரும்? பெர்மிட் காரணமாக வண்டியைப் பிடித்தால் அபராதமும் ஓடாத நாட்களின் நஷ்டமும் யாருடையது? ஒப்பந்தத்தை அவர்கள் முறித்தால், அவர்கள் நிறத்தில் சாயம் பூசி அவர்கள் அளவுக்குச் சீட் போட்ட வண்டியின் மீதித் தவணைக்கு எத்தனை மாத அவகாசம் தருவார்கள்?